அந்தச் சிம்பன்சி நிஜமா, அப்புறம் அவனுக்கு என்ன ஆச்சு?

கேள்வி இதுதான். ஒரு அம்மா தன் ஏழு வயது மகளோடு 'ரேஸ் டு ஸ்பேஸ்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்திருக்கிறார். 2001ல் எடுத்த குடும்பப் படம். 1960களின் கேப் கனாவெரல் ராக்கெட் தளம், அம்மாவைப் பறிகொடுத்த பில்லி என்ற பையன், அவனிடம் முகம் கொடுத்துப் பேச நேரமில்லாத ராக்கெட் விஞ்ஞானி அப்பா, விண்வெளிக்கு அனுப்புவதற்காகப் பழக்கப்படும் மேக் என்ற சிம்பன்சி. பையனும் சிம்பன்சியும் ஒட்டிக்கொள்கிறார்கள், அதுதான் படம். பார்த்து முடித்ததும் மகள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறாள்: அந்தச் சிம்பன்சி நிஜமா இருந்துச்சா, அந்தப் பையன் நிஜமா, அப்புறம் அது எங்க போச்சு? முதல் இரண்டுக்கும் எப்படியாவது பதில் தேடிச் சொல்லிவிடலாம், மூன்றாவதை ஒரு குழந்தையிடம் எவ்வளவு தூரம் சொல்வது என்று கேட்டிருக்கிறார்.

சிம்பன்சி நிஜம், பையன் கற்பனை. மூன்றாவது கேள்விக்குத்தான் நான் நீளமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் விண்வெளிக்குப் போய்வந்த நிஜச் சிம்பன்சி அதற்கப்புறம் ஏறக்குறைய 22 ஆண்டுகள் உயிரோடு இருந்தான், அந்த 22 ஆண்டுகள் இந்தப் படத்தில் இல்லை. என் கருத்து என்னவென்றால், உங்கள் மகளிடம் அதைச் சொல்ல வேண்டும். அவள் கேட்டதே அதைத்தானே.

அவன் பெயர் ஹாம். 1957ல் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கேமரூனில் பிறந்தவன். காட்டில் பிடிபட்டு, கப்பலேறி, புளோரிடாவில் மயாமிக்கு அருகே விலங்குகளை விற்கும் ஒரு பண்ணைக்கு வந்து, அங்கிருந்து அமெரிக்க விமானப்படை வாங்க, 1959ல் நியூ மெக்சிகோவில் உள்ள ஹாலோமன் விமானப்படைத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அப்போது அவனுக்கு இரண்டு வயது. காட்டில் சிம்பன்சிக் குட்டி நாலைந்து வயது வரை தாயிடம் பால் குடிக்கும், தாயின் கூட்டிலேயே தூங்கும், முதல் சில மாதங்கள் தாயின் வயிற்றை விட்டு இறங்கவே இறங்காது. தாய் உயிரோடு இருக்கும்வரை குட்டியை யாரும் பறித்துவிட முடியாது, அதனால் அந்தக் காலத்தில் குட்டி பிடிப்பவர்கள் பெரும்பாலும் தாயைச் சுட்டுத்தான் பிடித்தார்கள். மகளிடம் இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், ஆனால் 'அவனை அவன் அம்மாவிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்தார்கள்' என்கிற அளவுக்காவது சொல்லிவிடுங்கள். படத்தில் அம்மா இல்லாத குழந்தை பில்லி மட்டும் என்று தோன்றும். நிஜக் கதையில் அம்மா இல்லாத குழந்தை அந்தச் சிம்பன்சிதான். ராக்கெட்டில் ஏறும்போது அவனுக்கு வயது மூன்று வருஷம் எட்டு மாதம், எடை 17 கிலோ.

ஹாலோமனில் ஆரம்பத்தில் 40 சிம்பன்சிகள் இருந்தன. அதிலிருந்து 18ஐப் பொறுக்கி, அப்புறம் 6 ஆகக் குறைத்தார்கள். இவனுக்கு அதிகாரபூர்வமாக இருந்தது 65 என்ற எண் மட்டும்தான். பழக்கியவர்கள் தங்களுக்குள் சாங் என்று கூப்பிட்டார்கள். ஹாம் என்ற பெயரை உலகத்துக்குச் சொன்னதே அவன் உயிரோடு திரும்பி வந்த பிறகுதான். போகிற வழியில் செத்துவிட்டால் பேர் உள்ள ஒரு சிம்பன்சி செத்ததாகப் பத்திரிகைகள் எழுதும், எண் 65 செத்தது என்றால் அவ்வளவாக உறைக்காது, அதுதான் கணக்கு. ஹாம் என்பதும் ஹாலோமன் விண்வெளி மருத்துவ மையத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்ததுதான். அந்த ஆய்வகத்தின் தளபதி ஹாமில்டன் பிளாக்ஷியரையும் நண்பர்கள் ஹாம் என்றே கூப்பிடுவார்கள் என்பதால் அது சுலபமாக ஒட்டிக்கொண்டது.

பயிற்சி எப்படி நடந்தது என்பதைப் படங்கள் விளையாட்டு மாதிரிக் காட்டும். நிஜத்தில் அது இப்படி. உடம்புக்கு அளவாகச் செய்த ஒரு இருக்கையில் பட்டை போட்டுக் கட்டி உட்காரவைப்பார்கள். எதிரே விளக்குகள், கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு நெம்புகோல்கள். நீல விளக்கு எரிந்தால் ஐந்து வினாடிக்குள் இடதுபக்க நெம்புகோலை அழுத்த வேண்டும். வலதுபக்க நெம்புகோலைச் சற்று நேரத்துக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சரியாகச் செய்தால் வாழைப்பழ வாசனையுள்ள சிறு உருண்டை ஒன்று தின்னக் கிடைக்கும். தவறவிட்டால் உள்ளங்காலில் இருக்கும் உலோகத் தகடு வழியாக ஒரு மின்னதிர்ச்சி, பெரிதாக அல்ல, ஆனால் வலிக்கும். இதைத்தான் மாதக்கணக்கில், நாள் தவறாமல் செய்தான். ஆட்களை அனுப்பும் முன் அவர்கள் தெரிந்துகொள்ள நினைத்தது ஒன்றுதான்: எடையில்லாத நிலையில் ஓர் உயிர் கண்ணால் பார்த்து, யோசித்து, கையால் வேலை செய்ய முடியுமா, இல்லை தலை சுற்றி விழுந்துவிடுமா? இன்று இது சின்னக் கேள்வி. 1961ல் இதற்கு யாரிடமும் பதில் இல்லை, நல்ல மருத்துவர்கள்கூட மனிதனால் அங்கே விழுங்கவே முடியாதோ என்று பயந்த காலம் அது. இதை உங்கள் மகளுக்குச் சொல்லாமல் விட்டால் அந்த விஞ்ஞானிகள் எல்லாரும் வெறும் கொடியவர்களாகிவிடுவார்கள், அது நியாயம் இல்லை.

1961 ஜனவரி தொடக்கத்தில் 6 சிம்பன்சிகளையும் 20 பேர் கொண்ட மருத்துவ, பராமரிப்புக் குழுவையும் கேப் கனாவெரலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றுக்கு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் தொற்றிவிடக் கூடாதென்று இரண்டு குழுவாகப் பிரித்துத் தனித்தனியே வைத்தார்கள். பறப்பதற்கு முதல் நாள்தான் யார் போவது என்று முடிவானது. ஆறையும் பரிசோதித்த மருத்துவர்கள் அன்று எது சுறுசுறுப்பாகவும் நல்ல மனநிலையிலும் இருந்ததோ அதைத் தேர்ந்தெடுத்தார்கள், அது ஹாம். அவனுக்கு மாற்றாக மின்னி என்ற பெண் சிம்பன்சி. யோசித்துப் பாருங்கள், அன்றைக்குக் குறும்பாக விளையாடிக்கொண்டிருந்ததால் அவன் ராக்கெட்டில் ஏறினான்.

1961 ஜனவரி 31. காலையிலேயே அவனை விண்கலத்தில் வைத்துக் கட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு மின்கருவி சூடேறியது, அது இது என்று மணிக்கணக்கில் தாமதமாகி, நண்பகலுக்குச் சற்று முன் ராக்கெட் கிளம்பியது. கிளம்பிய உடனே தகராறு. ராக்கெட் கணக்குக்கு மேல் வேகமெடுத்து எரிபொருளை முன்கூட்டியே தீர்த்துவிட்டது, அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்ட தானியங்கி அமைப்பு விண்கலத்தைப் பிடுங்கி இன்னும் மேலே எறிந்தது. 185 கிலோமீட்டர் உயரம் போக வேண்டியவன் 253 கிலோமீட்டர் போனான். மணிக்குச் சுமார் 9,400 கிலோமீட்டர் வேகம். நடுவில் ஒரு வால்வு அதிர்வில் கழன்று கலத்துக்குள் காற்றழுத்தம் சரிந்தது, அவன் இருக்கையைச் சுற்றித் தனியாக மூடிய உறை இருந்ததால் பிழைத்தான். ஆறரை நிமிஷம் எடையே இல்லை. திரும்பி இறங்கும்போது தன் எடையைப் போல ஏறக்குறைய 15 மடங்கு பாரம் அவன் மேல் அழுத்தியது.

இத்தனைக்கும் நடுவில் அவன் வேலையைச் செய்தான். நீல விளக்கு எரிந்த ஒரு தடவையைக்கூட விடவில்லை. தரையில் விளக்கைப் பார்த்து அழுத்த அவனுக்குச் சராசரியாக 0.8 வினாடி ஆகும், அங்கே 0.82 ஆனது. வலதுபக்க நெம்புகோலில் மட்டும் இரண்டு தடவை நேரம் தவறி இரண்டு அதிர்ச்சி வாங்கினான். மனிதன் போனால் வேலை செய்வான் என்பதற்கு அமெரிக்காவிடம் இருந்த முதல் கண்கூடான ஆதாரம் இந்த மூன்றரை வயதுக் குட்டியின் கைதான்.

பறந்தது மொத்தம் பதினாறரை நிமிஷம் சொச்சம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் அட்லாண்டிக்கில் விழுந்தான். மிக அருகில் இருந்த கப்பலே 100 கிலோமீட்டர் தூரத்தில். விழுந்த வேகத்தில் அடிப்பாகத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஹெலிகாப்டர் வந்து தூக்கும்போது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, கலத்துக்குள் சுமார் 360 லிட்டர் கடல்நீர். உயிரோடுதான் இருந்தான். மூக்கில் ஒரு சிராய்ப்பு. கப்பலில் ஆப்பிளும் பாதி ஆரஞ்சும் கொடுத்தார்கள், வாங்கித் தின்றான்.

இனி மகளோடு சேர்ந்து பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். ஹாம் என்று தேடினால் அவன் திரும்பி வந்த பிறகு எடுத்த புகைப்படங்கள் கிடைக்கும், சிலவற்றில் பல் வரிசை முழுக்கத் தெரிய 'சிரித்துக்கொண்டு' இருப்பான். அன்றைய பத்திரிகைகள் அதை வெற்றிச் சிரிப்பு என்று போட்டன. அது சிரிப்பே இல்லை. சிம்பன்சி சந்தோஷமாக விளையாடும்போது வாயைத் திறந்து தளர்வாக வைத்திருக்கும், மேலுதடு மேல்பல்லை மூடியிருக்கும், கீழ்ப்பல் மட்டும் லேசாகத் தெரியும். உதட்டை இரண்டு பக்கமும் இறுக்கி இழுத்து, மேல்பல் கீழ்ப்பல் இரண்டும் ஈறு வரை தெரிந்தால் அது பயம். ஆயுள் முழுக்கச் சிம்பன்சிகளோடு வாழ்ந்த ஜேன் குடால் ஹாமின் படங்களைப் பார்த்துவிட்டு இவ்வளவு பயத்தைச் சிம்பன்சி முகத்தில் தான் கண்டதில்லை என்கிற பொருளில் சொன்னார். ஏழு வயதுக் குழந்தைக்கு இந்த வித்தியாசம் ஒரே பார்வையில் பிடிபடும். பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் விளம்பரத்திலும் வாழ்த்து அட்டையிலும் பல்லைக் காட்டும் சிம்பன்சியைப் பார்த்தால் அவளே சொல்வாள்.

பிறகு ஒரு நாள் புகைப்படக்காரர்களுக்காக அவனை மறுபடி அந்த இருக்கையில் உட்காரவைக்கப் பார்த்தார்கள். திமிறினான், பெரிய ஆட்கள் பிடித்தும் உட்காரவில்லை. விண்கலத்தைக் காட்டியபோதும் அதே கதைதான், நாசாவின் அதிகாரபூர்வ வரலாற்று நூலே இந்தத் திட்டத்துக்கு ஒத்துழைக்கும் ஆர்வம் அவனுக்கு இனி இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது என்று எழுதியிருக்கிறது. விலங்குகளுக்கு இதெல்லாம் புரியாது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம். ஒரு விஞ்ஞானியின் மகன் ஆய்வகத்துக்குள் புகுந்து சிம்பன்சியோடு விளையாட வாய்ப்பே இல்லை, அது ராணுவத் தளம், கேப் கனாவெரலிலோ தொற்று பயத்தில் இரண்டு சிம்பன்சிக் குழுக்களையே ஒன்றோடொன்று சேரவிடவில்லை. ஆனால் அந்த ஒட்டுதல் பொய் என்று நினைக்க வேண்டாம். அது வேறு ஆளிடம் இருந்தது. எட்வர்ட் டிட்மர் என்ற விமானப்படைச் சார்ஜென்ட்தான் ஹாமைப் பழக்கியவர்களில் முக்கியமானவர். தூக்கினால் கழுத்தில் கை போட்டுக்கொள்வான், சின்னப் பிள்ளை மாதிரியே விளையாடுவான் என்று வயதான பிறகும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அன்று காலை ஹாமை விண்கலத்தின் இருக்கையில் வைத்துக் கட்டியதும் அவர்தான். ஹாம் அவரை நம்பினான், அதனால்தான் அமைதியாகக் கட்டவிட்டான். படம் எடுப்பவர்கள் இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள், பாசத்தைப் பையனிடமும் கட்டுகிற வேலையைப் பெரியவர்களிடமும் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது வசதி. நிஜத்தில் இரண்டும் ஒரே ஆளின் கைகள், அந்தக் கஷ்டத்தை எடுத்துவிட்டால் கதையில் பாதிதான் மிஞ்சும்.

இதே மாதிரி ஒன்று சோவியத் பக்கமும் நடந்தது, அங்கே நிஜமாகவே குழந்தைகள் வருகிறார்கள். 1957 நவம்பர் 3ல் ஸ்புட்னிக் 2ல் போன லைகாவைத் தெரியாதவர் இல்லை. மாஸ்கோ தெருவில் திரிந்த நாய். திரும்பிக் கொண்டுவர வழியே இல்லாமல் அனுப்பினார்கள், அது எல்லாருக்கும் முன்பே தெரியும். திட்டத்தின் மருத்துவப் பிரிவுக்குத் தலைவராக இருந்த விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கி, ஏவுவதற்குக் கொஞ்ச நாள் முன் லைகாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் குழந்தைகளோடு விளையாடவிட்டார். அவளுக்கு இனி அதிக நாள் இல்லை, ஏதாவது நல்லது செய்ய நினைத்தேன் என்று பின்னாளில் எழுதினார். அந்தக் குழந்தைகளுக்கு அப்போது என்ன சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். லைகா பல நாள் உயிரோடு இருந்து வலியில்லாமல் இறந்ததாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். சூடு தாங்காமல் சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டாள் என்பது 2002ல்தான் வெளியே வந்தது. அதற்கு முன்பே, 1998ல், அந்தக் குழுவில் இருந்த ஒலேக் கசென்கோ, நாள் ஆக ஆக வருத்தம் கூடுகிறது, அந்த நாயின் சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் வேறொன்றும் செய்தார், 1960 டிசம்பரில் ராக்கெட் கோளாறாகிச் சைபீரியாவின் பனியில் விழுந்து பிழைத்த இரண்டு நாய்களில் ஒன்றைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்த்தார், 14 ஆண்டுகள் அது அவர் குடும்பத்தோடு இருந்தது.

உங்கள் மகளுக்குச் சிரித்தபடி சொல்ல ஒரு கதையும் இருக்கிறது, முழுக்க நிஜம். 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரண்டு நாய்கள் ஒரு நாள் முழுக்கப் பூமியைச் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பின. ஸ்ட்ரெல்கா பிறகு ஆறு குட்டி போட்டது. 1961 ஜூனில் வியன்னாவில் அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் சந்தித்தார்கள். அன்றிரவு விருந்தில் குருஷ்சேவ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கென்னடியின் மனைவி ஜாக்குலின் பேச்சு வாக்கில் அந்தக் குட்டிகளைப் பற்றிக் கேட்டு, ஒன்றை எங்களுக்கு அனுப்பக் கூடாதா என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தார். கொஞ்ச நாளில் நிஜமாகவே ஒரு வெள்ளை நாய்க்குட்டி தன் பெயரில் ஒரு பாஸ்போர்ட்டோடு வந்து இறங்கியது. பெயர் புஷிங்கா. ராணுவ மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டுத்தான் வெள்ளை மாளிகைக்குள் விட்டார்கள். அது வந்து சேர்ந்தது கென்னடியின் மகள், மூன்று வயது கரோலினின் வீட்டுக்கு. தோட்டத்தில் அவளுக்கு ஒரு விளையாட்டு வீடு இருந்தது, ஏணியும் சறுக்கு மரமுமாக. நாய்களைப் பார்த்துக்கொண்ட டிராஃபஸ் பிரயண்ட் என்ற ஊழியர் ஏணிப்படிகளில் வேர்க்கடலை வைத்தே புஷிங்காவை ஏணி ஏறப் பழக்கிவிட்டார். ஏறி, மறுபக்கம் சறுக்கிக்கொண்டு இறங்கும். குழந்தைகள் சிரிப்பதற்குக் கேட்க வேண்டுமா.

1963ல் புஷிங்காவுக்கும் கென்னடி வீட்டு டெரியர் நாய் சார்லிக்கும் நான்கு குட்டிகள் பிறந்தன. கென்னடி அவற்றுக்கு ஸ்புட்னிக்கைச் சேர்த்து 'பப்னிக்' என்று செல்லப்பெயர் வைத்தார். எனக்கு ஒன்று கொடுங்கள் என்று நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் கடிதம் எழுதினார்கள், இரண்டு குட்டிகள் அப்படி எழுதிய குழந்தைகளுக்கே போயின. விண்வெளித் திட்டத்து விலங்கும் ஒரு குழந்தையும் சிநேகமாக இருந்த கதை வேண்டுமென்றால் இதோ இருக்கிறது, யாரும் ஜோடிக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் மனதைத் தொடுவது இன்னொன்று: கரோலினும் ஹாமும் ஒரே வருஷம், 1957ல், பிறந்தவர்கள். 1961ல் அவள் நாய்க்குட்டியோடு சறுக்கு மரம் ஆடிய வயசுதான் அவனுக்கும்.

இப்போது மூன்றாவது கேள்வி. ஹாம் மறுபடி விண்வெளிக்குப் போகவில்லை. பத்திரிகை அட்டையில் வந்தான், புகழ் வந்தது. 1963ல் விமானப்படை அவனை வாஷிங்டனில் உள்ள தேசிய உயிரியல் பூங்காவுக்குக் கொடுத்தது. அங்கே தனியாக ஒரு கூண்டு. சிம்பன்சி கூட்டமாக வாழும் பிராணி, ஒருவர் முடியை ஒருவர் கோதிக்கொண்டே பாதி நாளைக் கழிப்பவை. அவனுக்கோ தாயும் இல்லை, ஹாலோமனில் கூட வளர்ந்தவர்களும் இல்லை, டிட்மரும் இல்லை. பார்வையாளர்கள் வருவார்கள், போவார்கள். 17 ஆண்டுகள் அப்படியே போயின. 1980 செப்டம்பரில்தான் வட கரோலினாவில் ஆஷ்பரோ உயிரியல் பூங்காவுக்கு மாற்றினார்கள், அங்கே ஒரு சிறு சிம்பன்சிக் கூட்டம் இருந்தது, கடைசிக் காலத்தில் அவனுக்குத் தன் இனத்தோடு இருக்கக் கிடைத்தது. 1983 ஜனவரியில் இறந்தான், 25 வயசு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் சிம்பன்சிகள் 50 வயது வரைகூட வாழும்.

இறந்த பிறகு அவன் உடலைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது, பொதுமக்கள் எதிர்த்ததால் கைவிட்டார்கள். எலும்புக்கூடு ஒரு மருத்துவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மற்றவற்றை நியூ மெக்சிகோவில் அலமோகோர்டோ ஊரில் உள்ள விண்வெளி அருங்காட்சியகத்தின் முன்னால் புதைத்துக் கல் வைத்திருக்கிறார்கள். பயிற்சி நடந்த ஹாலோமன் தளம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

மற்றவர்கள் கதை இன்னும் கஷ்டம். ஈனோஸ் என்ற சிம்பன்சி 1961 நவம்பர் 29ல் பூமியையே இரண்டு சுற்று சுற்றினான். நடுவில் கருவி பழுதாகி, சரியாகச் செய்தபோதும் அவனுக்கு அதிர்ச்சி கொடுத்துக்கொண்டே இருந்தது, அப்படியும் அவன் பழகின மாதிரியே சரியாகவே செய்துகொண்டிருந்தான். ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை, வயிற்றுக்கடுப்பு நோயில் இறந்தான். ஈனோஸை நான் ஏழு வயசுக்குச் சொல்லமாட்டேன், பத்து வயசு ஆகட்டும். விமானப்படையிடம் மிச்சமிருந்த சிம்பன்சிகளும் அவற்றின் வாரிசுகளும் பல ஆண்டுகள் மருத்துவ ஆய்வகங்களுக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தன. 1997ல் விமானப்படை அவற்றைக் கைகழுவ முடிவுசெய்தபோது பெரும்பாலானவை மறுபடி ஒரு மருத்துவ ஆய்வகத்துக்கே போக இருந்தன. கேரல் நூன் என்ற பெண்மணி அதை எதிர்த்து 'சேவ் தி சிம்ப்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி வழக்குப் போட்டார். 21 சிம்பன்சிகள் கிடைத்தன, 2001ல் அவை புளோரிடாவில் ஃபோர்ட் பியர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த வருஷமே அந்த ஆய்வகம் நொடித்துப்போனபோது அங்கிருந்த 266 சிம்பன்சிகளையும் அதே அமைப்பு ஏற்றுக்கொண்டது. தண்ணீர் சூழ்ந்த சிறு சிறு தீவுகளாக இடத்தை அமைத்து, கூட்டம் கூட்டமாக விட்டார்கள். கூண்டிலேயே வளர்ந்த சிலதுகள் புல்லில் கால் வைக்கவே யோசித்தன. அதே 2001தான் நீங்கள் பார்த்த படமும் வந்த ஆண்டு.

படத்தைப் பார்க்கவிட்டது தப்பா என்று நீங்கள் நினைக்க வேண்டாம், நல்லதுதான். ஒரு விலங்கின் பக்கம் நின்று யோசிக்க அது குழந்தையைப் பழக்குகிறது, இல்லாவிட்டால் 'அப்புறம் அது எங்க போச்சு' என்ற கேள்வியே வந்திருக்காது. எனக்கு உறுத்துவது வேறு. திரையில் சிம்பன்சி நடித்த படங்களில் பெரும்பாலும் அது குட்டியாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஏழெட்டு வயசுக்கு மேல் அதன் பலத்துக்கு முன் மனிதன் நிற்க முடியாது. நடிப்பதற்கென்று வளர்க்கும் குட்டியையும் தாயிடமிருந்து சின்னதிலேயே பிரித்துத்தான் ஆக வேண்டும். ஹாமுக்கு நடந்ததைச் சொல்ல ஹாமுக்கு நடந்ததையே இன்னொரு குட்டிக்குச் செய்ய வேண்டியிருக்கிறது. இப்போது கணினியில் வரைந்தே காட்டிவிடுகிறார்கள், அந்த வகையில் நிம்மதி.

எப்படிச் சொல்வது என்றால், நான் என் அக்கா பிள்ளைகளுக்குச் சொன்ன வரிசையைச் சொல்கிறேன். முதலில் புஷிங்கா, சறுக்கு மரம், பாஸ்போர்ட். அப்புறம் ஹாம் பறந்தது, ஓட்டை, தண்ணீர், ஹெலிகாப்டர், ஆப்பிள். அதற்கப்புறம் அந்தப் புகைப்படம், சிரிப்பா பயமா என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். கடைசியாகத் தனிக்கூண்டும் ஆஷ்பரோவும். பெரியவன் கோபப்பட்டான், சின்னவள் கொஞ்சம் அழுதாள், பிறகு டிட்மர் மாமா ஏன் அவனைப் பார்க்க வரவில்லை என்று கேட்டாள். ராணுவத்தில் இருப்பவர் நினைத்த இடத்துக்குப் போக முடியாது, அவருக்கும் அவன் ஞாபகம் இருந்துகொண்டேதான் இருந்தது என்றேன். அழுவாளே என்று பயந்து எதையும் மறைக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். லைகாவை மட்டும் அவளாகக் கேட்டால் சொல்லுங்கள்.

அதோடு விடமாட்டாள், இப்பவும் அனுப்புறாங்களா என்பாள். சிம்பன்சியை யாரும் அனுப்புவதில்லை. அமெரிக்காவில் 2015 முதல் கூண்டில் இருக்கும் சிம்பன்சிகளையும் அருகிவரும் இனமாகச் சட்டம் பாதுகாக்கிறது, அரசுப் பணத்தில் அவற்றை வைத்து மருத்துவ ஆராய்ச்சி செய்வதையும் நிறுத்திவிட்டார்கள். எலி, மீன், புழு போன்றவை இன்றும் விண்வெளி நிலையத்துக்குப் போகின்றன, அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நம் இஸ்ரோ ககன்யானில் ஆட்களை அனுப்பும் முன் சோதனைக்கு நாயையோ சிம்பன்சியையோ ஏற்றவில்லை, அதற்கென்று வியோமித்ரா என்ற பெண் உருவ ரோபோவைச் செய்து 2020 ஜனவரியில் பெங்களூரில் காட்டினார்கள். ஹாம் செய்த அதே மாதிரி வேலைதான் அதற்கும், பலகையைப் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும், கலத்துக்குள் காற்றழுத்தம் எப்படி என்று தெரிவிக்க வேண்டும். அதன் வீடியோ இருக்கிறது, ஹாம் கதை முடிந்த கையோடு அதையும் போட்டுக் காட்டுங்கள்.